ஸ்டார் ஸ்டிக்கரை எடுத்துட்டோம், போர்டு இன்னும் சுவத்துலதான் இருக்கு

பிள்ளைங்களுக்கு வீட்டு வேலை பழக்குறதுக்குன்னு விக்கிற காந்த போர்டு செட் ஒண்ணு வாங்கி ஆறு மாசம் ஆகப்போகுது. விசுவாசக் குடும்பங்களுக்குன்னே தயார் பண்ணதுன்னு பெட்டி மேலயே போட்டிருந்துச்சு, உள்ள வேதவசன அட்டையெல்லாம் இருக்குன்னு பார்த்ததும் ரொம்ப யோசிக்காம ஆர்டர் பண்ணிட்டேன். கம்பெனி பேர் இங்க போடல, ஏன்னா நான் சொல்லப்போறதுல பாதி குறைதான். ஆனா இதே மாதிரி செட் பல பேர்ல கிடைக்குது, உள்ள இருக்கிற சமாச்சாரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எதை வாங்கப்போறவங்களுக்கும் இது உபயோகப்படும்னு நினைக்கிறேன்.

எங்க வீட்ல மூத்தவளுக்கு 11 வயசு, பையனுக்கு 8, சின்னவளுக்கு 4. மாமியாரும் எங்க கூடத்தான் இருக்காங்க. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு, அதை எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டோம். பிள்ளைங்க நல்லா ஜெபம் பண்ணும், வசனம் ஒப்பிக்கும், பாட்டு பாடும், ஆனா ஜெபம் முடிஞ்சு எல்லாரும் படுக்கப் போனதுக்கு அப்புறம் அவங்க சாப்பிட்ட தட்டு மேஜை மேலயே காஞ்சு கிடக்கும். இது என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நாம ஊழியம் ஊழியம்னு சொல்றோமே, அந்த வார்த்தைக்கே பணிவிடைன்னுதான் அர்த்தம், ஆனா பிள்ளைங்க மனசுல ஊழியம்னா மேடை, மைக், பிரசங்கம், அவ்ளோதான். பாத்திரம் கழுவுறதும் அதே வார்த்தைக்குள்ள வரும்னு யாரும் அவங்களுக்குச் சொன்னதில்ல, நாங்களும் சொன்னதில்ல. அதுக்காகத்தான் இந்த செட்டையே வாங்கினது.

பெட்டிக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். பெரிய வெள்ளை போர்டு ஒண்ணு, வேலை படம் போட்ட காந்தம் 40, எழுதிக்க காலி காந்தம் கொஞ்சம், வாரத்துக்கு ஒண்ணுன்னு 52 வசன அட்டை, தங்க கலர் ஸ்டார் ஸ்டிக்கர் நாலு ஷீட்டு, ஸ்டார் சேர்ந்தா அதுக்குப் பதிலா போடுறதுக்கு பிளாஸ்டிக் காசு, அந்தக் காசைப் போட ஒரு ஜாடி, சின்ன பிளாஸ்டிக் துடைப்பம், பெத்தவங்களுக்கு ஒரு குட்டிப் புத்தகம். போர்டு நல்ல கனம், சுவத்துல அசையாம நிக்குது, ஆறு மாசமா தினமும் எழுதி அழிச்சும் கறை பிடிக்கல. காந்தம் மட்டும் கொஞ்சம் சின்னது, நாலு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற வீட்ல ரொம்ப கவனமா இருங்க, காந்தத்தை முழுங்கிட்டா குடல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பெரிய ஆபத்து ஆயிடும். இதைப் பெட்டி மேல பெருசா போட்டிருக்கணும், பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு.

முதல் மூணு வாரம் புத்தகத்துல சொன்ன மாதிரியே பண்ணோம். ஒரு வேலைக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு காசு, ஜாடி நிறைஞ்சா அவங்க கேக்குறது ஒண்ணு வாங்கித்தரணும். அடேயப்பா, வீடு பளபளன்னு ஆயிடுச்சு! போட்டி போட்டு வேலை. துடைச்ச மேஜையையே திரும்பத் துடைக்கிறான், மடிச்ச துணியைப் பிரிச்சு மடிக்கிறா, நாங்க ரெண்டு பேரும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சந்தோஷப்பட்டோம். நாலாவது வாரம் ஒரு நாள் மாமியாரோட கண்ணாடி கட்டிலுக்குக் கீழ விழுந்துடுச்சு, அவங்களால குனிய முடியாது, பக்கத்துல இருந்த பையன்கிட்ட எடுத்துக் குடுடா கண்ணான்னு கேட்டாங்க. அவன் எடுக்கல, "எத்தனை ஸ்டார் பாட்டி?"ன்னு கேட்டான். கெட்ட எண்ணத்துல கேக்கல, கடைக்காரர் விலை சொல்ற மாதிரி சாதாரணமா கேட்டான், அதுதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. இதே பையன் ரெண்டு வயசுல கீழ எது விழுந்தாலும் ஓடி வந்து எடுத்துக் குடுப்பான், அன்னிக்கு யாரும் அவனுக்கு எதுவும் தரல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து நர்சரில ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. மார்க்கர் பேனால படம் வரையுறதுல ஏற்கனவே ஆசையா இருந்த குழந்தைங்களாப் பார்த்து எடுத்துக்கிட்டு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்கூட்டியே சொல்லி, தங்க முத்திரையும் ரிப்பனும் வச்ச சான்றிதழை வரைஞ்ச பிறகு குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு எந்தப் பரிசும் இல்லாம பேனாவை வச்சுப் பார்த்தா, அந்தக் கூட்டம் மத்தவங்க வரைஞ்ச நேரத்துல பாதி நேரம்தான் வரைஞ்சுச்சு. அப்புறம் 2008ல ஃபீலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டோமசெல்லோ ரெண்டு பேரும் 20 மாசக் குழந்தைங்களை வச்சுப் பார்த்திருக்காங்க, பெரியவங்க கீழ போட்டதை எடுத்துக் குடுத்ததுக்குப் பரிசு வாங்கின குழந்தைங்க அப்புறம் பரிசு நின்னதும் மத்த குழந்தைங்களை விடக் குறைவா உதவி பண்ணுச்சுங்களாம். எங்க வீட்டுக் கண்ணாடி விஷயம் அப்படியே அச்சு அசலா அதுல இருந்துச்சு. வாயால பாராட்டினதுல அந்த மாதிரி குறையலயாம், அதையும் சொல்லணும், அதனால பாராட்டவே கூடாதுன்னு நான் சொல்ல வரல.

மறுநாளே ஸ்டார், காசு, ஜாடி எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சுட்டோம். பிள்ளைங்களை உக்கார வச்சு வீட்டுக்காரர்தான் பேசினார், தப்பு உங்க மேல இல்ல, நாங்கதான் தப்பா ஆரம்பிச்சு வச்சோம், பாட்டி கண்ணாடிக்கு விலை கிடையாது, அம்மா உங்களுக்குத் தலை சீவி விடுறதுக்கும் விலை கிடையாது, இது நம்ம வீடுன்னார். அப்புறம் ரெண்டு வாரம் வீடு குப்பையாத்தான் கிடந்துச்சு, அதையும் மறைக்க வேண்டியதில்ல. பையன் வெளிப்படையாவே ஸ்ட்ரைக் பண்ணான். இந்த இடத்துலதான் நிறைய பேர் பயந்து திரும்ப ஸ்டிக்கரை எடுத்துருவாங்கன்னு நினைக்கிறேன், தயவுசெஞ்சு எடுக்காதீங்க, மூணாவது வாரத்துல இருந்து மெதுவா மாறும்.

போர்டை இப்போ நாங்க வேற மாதிரி வச்சிருக்கோம். புத்தகத்துல தினம் ஒரு வேலையை மாத்தி மாத்திக் குடுக்கச் சொல்லுது, அது சரிப்படல, ஏன்னா தினம் மாறினா எந்த வேலையும் யாருக்கும் சொந்தமாகாது, அம்மாதான் நின்னு இன்னிக்கு யாரு, இன்னிக்கு யாருன்னு கத்தணும். நாங்க ஒரு வாரம் முழுக்க ஒரு வேலையை ஒருத்தர் கையில குடுத்துடுறோம், யாரும் ஞாபகப்படுத்தமாட்டோம். இந்த யோசனை எங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட்ங்கிற துறவி தன்னோட மடத்துக்குன்னு எழுதின ஒழுங்குல 35ஆவது அதிகாரமே சமையல்கட்டு வேலையைப் பத்தினதுதான். துறவிங்க எல்லாரும் முறை வச்சு ஒருத்தருக்கொருத்தர் பணிவிடை செய்யணும், நோயாளியும் ரொம்ப முக்கியமான வேலையில இருக்கிறவங்களும் தவிர யாருக்கும் விலக்கு இல்ல. வாரம் முடியுற சனிக்கிழமை அன்னிக்கு, முறை முடிக்கிறவர் துண்டெல்லாம் துவைச்சு, பாத்திரம் பண்டமெல்லாம் சுத்தமா, உடையாம திருப்பி ஒப்படைக்கணும், அப்புறம் முறை முடிக்கிறவரும் புதுசா எடுக்கிறவரும் சேர்ந்து எல்லாரோட காலையும் கழுவணும். அதுக்கு முன்னால 31ஆவது அதிகாரத்துல மடத்துச் சாமான் எல்லாத்தையும் பலிபீடத்துப் பாத்திரம் மாதிரி நினைச்சுப் பத்திரமா வச்சுக்கணும்னு இருக்கு. இதைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, ஒரு கரண்டிக்கு அவ்ளோ மரியாதை!

நாங்க கத்தோலிக்கர் இல்ல, ஆனா நல்லதை எங்க இருந்தும் எடுத்துக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னார். எங்க வீட்ல கால் கழுவுறதெல்லாம் இல்ல, ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஒப்படைக்கிற நேரம்னு ஒண்ணு உண்டு. பையன் ஒரு வாரம் சிங்க் பார்த்துக்கிட்டான்னா, அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஸ்கிரப்பர் இங்க இருக்கு, இந்த டப்பா மூடி லூசா இருக்கு, அடிப்பிடிச்ச பாத்திரத்தை முதல்ல ஊற வச்சுடுன்னு சொல்லித்தான் காந்தத்தைக் கையில குடுக்கணும். எட்டு வயசுப் பையன் பதினொரு வயசு அக்காவுக்குச் சொல்லிக்குடுக்கிறான், அந்த நேரத்துல அவன் நிக்கிற நிப்பே வேற. நாங்க ரெண்டு பேரும் காந்தம் எடுக்கிறோம், அவங்க அப்பா உட்பட. பெரியவங்க பேர் இல்லாத போர்டை எந்தப் பிள்ளையும் மதிக்காது, இது என் அனுபவம்.

வசன அட்டைக்கு வருவோம், செட்டுல எனக்கு ரொம்ப மன வருத்தம் குடுத்தது இதுதான். அச்சு அழகு, அட்டை தடிமன், ஆனா வசனம் பொறுக்கினவங்க பெத்தவங்க கையில சாட்டை குடுக்கிறதுக்குன்னே பொறுக்கின மாதிரி இருக்கு. சோம்பேறியே நீ எறும்பினிடத்தில் போய்ங்கிறது ஒரு அட்டை. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாதுங்கிறது இன்னொரு அட்டை. ஒரு நாள் பையன் அவன் வேலையைச் செய்யாம விளையாடப் போயிட்டான், சாப்பிட வந்து உக்காந்தா மூத்தவ அந்த அட்டையை அவன் தட்டுல வச்சிருக்கா. அவன் ஒண்ணும் பேசல, எழுந்து போயிட்டான். பவுல் அதை எழுதினது வளர்ந்த ஆளுங்களுக்கு, கை கால் நல்லா இருந்தும் வேலை செய்யாம ஊர் வம்பு பேசித் திரிஞ்சவங்களுக்கு, எட்டு வயசுக் குழந்தையோட தட்டுக்கு இல்ல. நானே போய் அவனைக் கூட்டிட்டு வந்து சாப்பிட வச்சேன், அந்த அட்டையை அன்னிக்கே எடுத்துட்டேன், மூத்தவகிட்டயும் தனியா உக்காந்து பேசினேன், வசனத்தால அடிச்சா அடி வாங்கினவனுக்கு வசனமே வெறுத்துடும்மான்னு.

இன்னொண்ணு கவனிச்சேன். பிள்ளைகளே உங்கள் பெற்றாருக்கு எல்லாக் காரியத்திலும் கீழ்ப்படியுங்கள்னு கொலோசெயர் 3ல வருதே, அதுக்கு ஒரு அட்டை இருக்கு. அதுக்கு அடுத்த வசனமே பிதாக்களுக்கு, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்னு. அதுக்கு அட்டை இல்ல! 52 அட்டையையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன், இல்ல. அதை நாங்களே வெள்ளை அட்டையில எழுதி ஒட்டிட்டோம், அது எங்க ரெண்டு பேருக்கான அட்டை.

வேதத்துல வீட்டு வேலைக்கு எவ்ளோ இடம் இருக்குன்னு இந்த சாக்குலதான் நாங்களும் தேடிப் பார்த்தோம், ராத்திரி ஜெபத்துல வாரம் ஒண்ணா எடுத்துப் பேசுறோம். ஆதியாகமம் 2ல தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாமை வைக்கிறார், பாவம் உள்ள வர்றது 3ஆம் அதிகாரத்துலதான், அப்போ வேலைங்கிறது தண்டனையா வந்தது இல்ல, முள்ளும் வேர்வையும்தான் பிற்பாடு வந்துச்சு. இதை மனசுல வாங்கினதுக்கு அப்புறம் தப்பு பண்ணா போய் பாத்திரம் கழுவுன்னு தண்டனையா வேலை குடுக்கிறதை நான் சுத்தமா நிறுத்திட்டேன், ஒரு பக்கம் இது பரிசுத்தமானதுன்னு சொல்லிட்டு இன்னொரு பக்கம் அதையே தண்டனையாக் குடுத்தா பிள்ளை எதை நம்பும்? அப்புறம் யோவான் 6ல ஐயாயிரம் பேர் சாப்பிட்ட அற்புதம், அதுல எல்லாரும் அப்பத்தைத்தான் சொல்லுவோம், முடிஞ்சதும் ஒண்ணும் சேதமாப்போகாதபடி மீதித் துணிக்கைகளைச் சேர்த்து வைங்கன்னு இயேசு சொல்றாரே, 12 கூடை நிறைய சேர்த்து எடுத்தாங்களே, அது சாப்பிட்ட இடத்தை ஒழுங்கு பண்ற வேலைதானே. பையனுக்கு இது அவ்ளோ பிடிச்சுப்போச்சு, மேஜை துடைக்கிற காந்தத்துல அவனே 12ன்னு எழுதி வச்சிருக்கான். யோவான் 20ல காலியான கல்லறையில தலையில சுத்தியிருந்த சீலை மட்டும் தனியா ஒரு இடத்துல சுருட்டி வச்சிருந்துச்சுன்னு வரும், மூத்தவ துணி மடிக்கிறப்போ அதைச் சொல்லுவா.

சின்னவளுக்குக் கிடைச்சதுதான் எல்லாத்தையும் விட அழகு. 1 சாமுவேல் 3ல ஆண்டவர் பிள்ளையாண்டான் சாமுவேலை ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிடுறது எல்லாருக்கும் தெரியும். அந்த ராத்திரி முடிஞ்சு விடிஞ்சதும் அவன் என்ன பண்ணான்னா கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான்னு 15ஆவது வசனத்துல இருக்கு. ஆண்டவரோட சத்தத்தைக் கேட்ட பிள்ளை மறுநாள் காலையில எப்பவும் போல தன் வேலைக்குப் போயிட்டான். ஒரு காலி காந்தத்துல கதவு படம் வரைஞ்சு அவளுக்குக் குடுத்தோம், காலையில திரைச்சீலை விலக்கி ஜன்னல் திறக்கிறது அவ வேலை, எட்டாத தாழ்ப்பாளை மட்டும் பாட்டி எடுத்து விடுவாங்க. நாலு வயசுக்கு அது நிஜ வேலை, வீடே அவளாலதான் வெளிச்சம் ஆகுதுன்னு நம்புறா, அது உண்மையும்கூட.

மூத்தவகிட்ட ஒரு நாள் மாட்டிக்கிட்டோம். பாத்திரம் அவ வாரம், சிங்க் நிறைய கிடக்கு, அவ ரூம்ல உக்காந்து வேதம் படிக்கிறா. கூப்பிட்டா, "மரியாள் நல்ல பங்கைத் தெரிஞ்சுக்கிட்டாளே அம்மா, மார்த்தாளைத்தானே இயேசு கடிஞ்சுக்கிட்டாரு"ங்கிறா. இயேசு வீட்டுக்கு வந்தப்போ மார்த்தாள் ஓடியாடிப் பணிவிடை செய்ய, அவ சகோதரி மரியாள் அவர் பேச்சைக் கேட்டு உக்காந்திருந்தாளே, லூக்கா 10ல வர்ற அந்தச் சம்பவத்தைச் சொல்றா. எனக்குச் சட்டுனு பதில் வரல. வேதம் படிக்காதேன்னு சொல்ல முடியுமா? மாமியார்தான் சமையல்கட்டுல இருந்தே சொன்னாங்க, "மார்த்தாள் வேலை செஞ்சதை அவர் குறை சொல்லலயேம்மா, கவலைப்பட்டுக் கலங்குறேன்னுதானே சொன்னாரு, பாவம் அவ தனியாச் செஞ்சா, நீயும் கை குடுத்து முடிச்சுட்டா மார்த்தாளும் வந்து உக்காருவால்ல." அவ கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு எழுந்து வந்தா, அன்னிக்கு நாங்க மூணு தலைமுறையும் சேர்ந்து கழுவினோம். அம்பது வருஷமா அந்த வீட்டு மார்த்தாளா இருந்தவங்க சொன்னதாலயோ என்னவோ எனக்குத்தான் கண்ணு கலங்குச்சு, இவங்களை நாம எத்தனை வருஷம் தனியா விட்டிருக்கோம்னு.

படங்களைப் பத்தியும் சொல்லணும், கம்பெனிக்காரங்க யாராவது இதைப் படிச்சா மாத்துங்க. பாத்திரம், துணி, பெருக்குறது, குழந்தை பார்த்துக்கிறது எல்லாத்துலயும் பொம்பளப் பிள்ளை படம், குப்பை வெளிய வைக்கிறதுலயும் பல்பு மாத்துறதுலயும் மட்டும் பையன் படம். என் பையன் ரெண்டாவது நாளே இது பொண்ணுங்க வேலைன்னு ஒரு காந்தத்தைத் தள்ளி வச்சான், படத்தைக் காட்டி. சீஷரோட கால் கழுவின இயேசு ஆம்பளை, உயிர்த்தெழுந்ததுக்கு அப்புறம் கடற்கரையில கரிநெருப்பு போட்டு பசியோட வந்தவங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவரும் அவர்தான், யோவான் 21ல இருக்கு. சபைச் சீர்திருத்தம் பண்ண மார்ட்டின் லூத்தர் 1522ல திருமண வாழ்க்கையைப் பத்தி எழுதினப்போ, அப்பா குழந்தையோட அழுக்குத் துணியைத் துவைச்சா ஊரே சிரிக்கலாம், ஆனா விசுவாசத்தோட அதைச் செய்றப்போ ஆண்டவரும் தூதர்களும் சந்தோஷத்தோட புன்னகை பண்றாங்கன்னு எழுதிருக்கார், 500 வருஷத்துக்கு முன்னால! அந்தப் படங்கள் மேல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி வேலை பேரை மட்டும் எழுதிட்டோம்.

பிளாஸ்டிக் துடைப்பம் வேஸ்ட், ரெண்டு இழுப்புல மடங்கிடுது, தூசியும் வரல. மரியா மான்டிசோரி 1907 ஜனவரியில ரோம்ல தன்னோட முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தாங்க, அதுல இருந்து வளர்ந்த கல்வி முறையில பெருக்குறது, துடைக்கிறது, கழுவுறதெல்லாம் பாடத்துலயே உண்டு, சாமான் சின்னதா இருக்கணும் ஆனா நிஜமா வேலை செய்யணும்ங்கிறதுதான் முக்கியம். பொம்மைத் துடைப்பத்தைக் குடுத்தா நீ செய்றது வெறும் விளையாட்டுன்னு குழந்தைக்குச் சொல்ற மாதிரி ஆயிடுது. நாங்க வீட்டுத் துடைப்பம் ஒண்ணோட கைப்பிடியைச் சின்னவ உயரத்துக்கு வெட்டிக் குடுத்தோம், பத்து நிமிஷ வேலை.

பெத்தவங்க புத்தகத்துல வயசு வாரியா வேலை பட்டியல் ஓரளவு பரவாயில்ல, ஆனா முக்கியமான ரெண்டு விஷயம் அதுல இல்ல. ஒண்ணு, பிள்ளை செஞ்ச வேலையை அது கண்ணு முன்னாலயே நாம திரும்பச் செய்யக்கூடாது. நான் இதுல நிறைய தப்பு பண்ணிருக்கேன், அவன் கழுவி வச்ச டம்ளரை எடுத்து எண்ணெய்ப் பிசுக்கா இருக்கேன்னு திரும்பக் கழுவுவேன், அவன் பார்த்துக்கிட்டே நிப்பான். இப்போ பிசுக்கா இருந்தா அவனையே தொட்டுப் பாருன்னு சொல்றேன், விரல் வழுக்குதான்னு அவனே பார்த்துட்டு எடுத்துட்டுப் போறான். இன்னொண்ணு ஓய்வு நாள். போர்டுல ஏழு நாளுக்கும் கட்டம் போட்டிருக்காங்க, வேத போர்டுன்னு பேர் வச்சுட்டு! யாத்திராகமம் 20ல ஓய்வு நாள் கட்டளை நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்ல இருக்கிற அந்நியன்னு ஒவ்வொருத்தரா எண்ணிச் சொல்லுது, ஆனா நிஜத்துல ஞாயித்துக்கிழமை நிறைய வீட்ல அம்மாவுக்கு மட்டும் வேலை ரெட்டிப்பு. நாங்க ஞாயிறு கட்டத்தை டேப் போட்டு மூடிட்டு சனிக்கிழமையே அஞ்சு பேரும் மாமியாரும் சேர்ந்து முடிஞ்சதெல்லாம் முடிச்சு வச்சுடுறோம், ஞாயிறு சாப்பிட்ட தட்டை அவங்கவங்க கழுவிக்கிறதோட சரி. பையன் இதுக்காகவே சனிக்கிழமை சுறுசுறுப்பா ஓடுறான், நாளைக்கு அம்மா சும்மா இருக்கணும்னு சொல்றான்.

அதனால வாங்கலாமான்னு கேட்டா, போர்டுக்கும் காலி காந்தத்துக்கும் மட்டும் வாங்கலாம், அஞ்சுக்கு மூணு குடுப்பேன். ஏற்கனவே வீட்ல ஒரு வெள்ளை போர்டும் மார்க்கரும் இருந்தா இந்த செட் தேவையே இல்ல. ரெண்டு வயசு, மூணு வயசுக் குழந்தை மட்டும் இருக்கிற வீட்ல இப்போ வேண்டாம், காந்தம் ஆபத்து, அந்த வயசுக்குப் போர்டும் வேண்டாம், கூட நின்னு செய்ய விட்டாலே போதும், எவ்ளோ லேட் ஆனாலும். ஒத்தைப் பிள்ளை வீடா இருந்தா ஒப்படைக்கிற முறையை அப்பாவோ அம்மாவோ கூட வச்சுக்கலாம்னு நினைக்கிறேன், எங்க சபைல ஒரு குடும்பம் அப்படிப் பண்றாங்க, நல்லாப் போகுதுன்னு சொன்னாங்க.

காலி காந்தம் எங்களுக்குத் தீர்ந்துபோச்சு, பாட்டி கண்ணாடின்னு ஒண்ணு எழுதணும்னு பையன் கேக்குறான், காலையில பாட்டி கண்ணாடியைத் துடைச்சுக் கையில குடுக்கிறது தன் வேலைன்னு அவனே எடுத்துக்கிட்டான், வாரம் மாறினாலும் அதை மட்டும் யாருக்கும் ஒப்படைக்கமாட்டானாம். காலி காந்தம் மட்டும் தனியா விப்பீங்களான்னு கம்பெனிக்குக் கேட்டு எழுதிருக்கேன், பதில் வந்தா இங்கயே போடுறேன்.